பேஸ்பால் பிரிவுப் போட்டி: ஜூலை மாதப் பட்டியலை எப்படிப் படிப்பது?

2025 ஜூலை 8. அமெரிக்கன் லீக் மத்தியப் பிரிவில் டெட்ராய்ட் டைகர்ஸ் அணி 59 வெற்றி, 34 தோல்வியுடன் முதலிடத்தில் இருந்தது. அதே பிரிவைச் சேர்ந்த கிளீவ்லாந்து கார்டியன்ஸ் அணிக்கு 42 வெற்றி, 48 தோல்வி. அதற்கு இரண்டு நாள் முன்புதான் அந்த அணி தொடர்ச்சியாகப் பத்தாவது ஆட்டத்தைத் தோற்றிருந்தது. பட்டியலில் இரண்டுக்கும் நடுவே 15.5 ஆட்ட இடைவெளி. செப்டம்பர் 28 அன்று சீசன் முடிந்தபோது கார்டியன்ஸ் 88–74, டைகர்ஸ் 87–75. மேஜர் லீக் பேஸ்பால் வரலாற்றில் அவ்வளவு பின்னாலிருந்து வந்து பிரிவை வென்ற அணி வேறு எதுவும் இல்லை.

பாதி சீசனில் பட்டியலைப் பார்க்கும் புதிய ரசிகர் முதலிடத்தில் யார் என்று மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார். பட்டியலில் அதைவிட முக்கியமான செய்திகள் நான்கைந்து இருக்கின்றன. சில கண்ணெதிரே அச்சாகி இருக்கும், சிலவற்றைக் கூட்டிக் கழித்து எடுக்க வேண்டும். கணக்கு ஐந்தாம் வகுப்புக் கணக்குதான். மேலே சொன்ன டெட்ராய்ட், கிளீவ்லாந்து எண்களைக் கையில் வைத்துக்கொண்டே அவற்றைப் பார்க்கலாம்.

முதலில் அமைப்பு

மேஜர் லீகில் 30 அணிகள். அமெரிக்கன் லீகில் 15, நேஷனல் லீகில் 15. ஒவ்வொரு லீகும் கிழக்கு, மத்திய, மேற்கு என்று மூன்று பிரிவுகள். பிரிவுக்கு ஐந்து அணிகள். 1969-இல் பிரிவுகள் வந்தபோது லீகுக்கு இரண்டுதான் இருந்தன, 1994-இல் மூன்றாயின. ஒவ்வொரு அணிக்கும் 162 ஆட்டங்கள், மார்ச் கடைசியில் தொடங்கி செப்டம்பர் கடைசி வரை ஏறக்குறைய தினமும் ஆட்டம். ஜூலை நடுவில் ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்காக நான்கு நாள் இடைவேளை வரும். அதைத்தான் பாதி சீசன் என்கிறார்கள். உண்மையில் அப்போது 95 ஆட்டங்களுக்கு மேல் முடிந்திருக்கும், பாதியைத் தாண்டிவிட்டிருக்கும்.

கிரிக்கெட் பட்டியலுக்குப் பழகிய கண்ணுக்கு இரண்டு வேறுபாடுகள் உடனே தெரிய வேண்டும். இங்கே புள்ளிகள் கிடையாது; வெற்றி, தோல்வி, வெற்றி விகிதம் மட்டுமே. சமநிலையில் முடியும் ஆட்டமும் கிடையாது, முடிவு கிடைக்கும்வரை கூடுதல் இன்னிங்ஸ் ஆடுவார்கள். ஐ.பி.எல். பட்டியலில் நெட் ரன் ரேட் அணிகளை மேலே கீழே தள்ளும். பேஸ்பாலில் ரன் வித்தியாசம் பட்டியலில் அச்சாகும், ஆனால் எந்த அணியின் இடத்தையும் அது மாற்றாது. அதன் பயன் வேறு, பிறகு வருகிறேன்.

வெற்றி விகிதத்தை .634 என்பதுபோல் மூன்று தசம இலக்கத்தில் எழுதுவார்கள். அதாவது ஆயிரத்துக்கு 634. இந்த விளையாட்டில் விகிதங்கள் மிகக் குறுகிய எல்லைக்குள் நடமாடுகின்றன என்பதை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். 162 ஆட்ட சீசனில் யாரும் வெல்லாத அளவுக்கு வென்ற அணி 2001-இன் சியாட்டில் மரினர்ஸ்: 116–46, அதாவது .716. 2024-இல் சிகாகோ வொயிட் சாக்ஸ் 41–121 என்று நவீன காலத்தில் அதிகத் தோல்விகள் கண்ட அணியானது. அந்த அணியும் நான்கு ஆட்டத்துக்கு ஒன்று என்ற கணக்கில் வென்றுகொண்டுதான் இருந்தது. சாதாரணமாக நல்ல அணி பத்துக்கு ஆறு வெல்லும், மோசமான அணி பத்துக்கு நான்கு. ஒரு வாரம் தொடர்ந்து தோற்பது யாருக்கும் நடக்கும்.

15.5-இல் அந்த அரை எங்கிருந்து வந்தது?

பட்டியலில் ஜி.பி. என்ற கட்டம் இருக்கும். முதலிடத்து அணியைவிட எத்தனை ஆட்டம் பின்தங்கியிருக்கிறது என்பதே அதன் பொருள். கணக்கு இது: இரு அணிகளின் வெற்றி வித்தியாசத்தையும் தோல்வி வித்தியாசத்தையும் கூட்டி இரண்டால் வகுக்க வேண்டும். ஜூலை 8 நிலவரப்படி வெற்றி வித்தியாசம் 59 − 42 = 17. தோல்வி வித்தியாசம் 48 − 34 = 14. கூட்டினால் 31, பாதி 15.5.

இரண்டால் வகுப்பதற்குக் காரணம் இருக்கிறது. ஒரே நாளில் முதலிடத்து அணி தோற்று, துரத்தும் அணி வென்றால் இடைவெளி ஒன்று குறைகிறது. துரத்தும் அணி மட்டும் ஆடி வென்று, மற்றது ஓய்வில் இருந்தால் அரை குறைகிறது. ஆக, ஒவ்வொரு வெற்றிக்கும் அரை, ஒவ்வொரு தோல்விக்கும் அரை. அரை எண் தென்பட்டால் இரு அணிகளும் ஆடிய ஆட்டங்களின் எண்ணிக்கையில் ஒற்றைப்படை வித்தியாசம் இருக்கிறது என்று பொருள். டெட்ராய்ட் 93 ஆடியிருந்தது, கிளீவ்லாந்து 90.

மழைதான் இந்த ஏற்றத்தாழ்வுக்குப் பெரிய காரணம். ஏப்ரலில் மழையால் நின்ற ஆட்டத்தை ஆகஸ்டிலோ செப்டம்பரிலோ ஒரே நாளில் இரண்டு ஆட்டமாக வைத்து ஈடுகட்டுவார்கள். சீசன் கடைசியில் நிற்கும் ஆட்டத்தால் யாருடைய இடமும் மாறாது என்றால் அதை நடத்தாமலே விட்டுவிடுவதும் உண்டு. 2024-இல் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் 88–73, கார்டியன்ஸ் 92–69 என்று 161 ஆட்டத்தோடு முடித்ததற்கு அதுவே காரணம். கடைசி நாளில் அவ்விரு அணிகளும் மோதவிருந்த ஆட்டம் ரத்தானது.

ஆட்ட எண்ணிக்கை சமமாக இல்லாதபோது பழைய ரசிகர்கள் ஜி.பி.யை நம்ப மாட்டார்கள்; தோல்விக் கட்டத்தைப் பார்ப்பார்கள். ஆடாத ஆட்டத்தை இனிமேல் வென்றுகொள்ளலாம், ஆனால் தோற்ற ஆட்டத்தைத் திரும்ப வாங்க முடியாது. ஜூலை 8 அன்று வெற்றிக் கட்டத்தில் 17 பின்தங்கிய கிளீவ்லாந்து, தோல்விக் கட்டத்தில் 14 மட்டுமே பின்தங்கியிருந்தது. கைவசம் மூன்று ஆட்டம் கூடுதலாக இருந்தது. அந்த மூன்றையும் வெல்வார்கள் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஆனால் வாய்ப்பு அவர்கள் கையில் இருந்தது. செப்டம்பரில் இரு அணிகளுக்கும் நடுவே ஜி.பி. ஒன்று என்று காட்டும்போது, தோல்விக் கட்டத்தில் சமமா, இரண்டு பின்னாலா என்பதுதான் உண்மையான நிலவரம்.

இடைவெளி எவ்வளவு வேகமாகக் குறையும்?

.600 அணி .500 அணியைத் துரத்தினால் பத்து ஆட்டத்துக்கு ஒரு ஆட்டம்தான் நெருங்க முடியும். ஐந்து ஆட்ட இடைவெளியை மூட ஐம்பது ஆட்டம், ஏறக்குறைய எட்டு வாரம். ஜூலை நடுவில் மிச்சம் இருப்பவை சுமார் 65 ஆட்டங்கள். ஆகவே ஆல்-ஸ்டார் இடைவேளையில் ஐந்து, ஆறு ஆட்ட இடைவெளி என்பது துரத்தும் அணி உண்மையிலேயே மேலானதாக இருந்தால் மட்டுமே எட்டக்கூடியது. பத்து என்றால் அது மட்டும் போதாது, முன்னால் இருக்கும் அணி சரியவும் வேண்டும்.

ஜூலை 8 எண்களில் இதைப் போட்டுப் பாருங்கள். டைகர்ஸ் மீதி 69 ஆட்டங்களில் சரிபாதி வென்றிருந்தாலே 93 அல்லது 94 வெற்றியோடு முடித்திருக்கும். 94-ஐத் தொட கார்டியன்ஸ் மீதி 72-இல் 52 வெல்ல வேண்டும். அது .722; 116 ஆட்டம் வென்ற மரினர்ஸின் விகிதத்தைவிடக் கூடுதல். டெட்ராய்ட் சுமாராக ஆடினாலே கிளீவ்லாந்து வரலாறு காணாத வேகத்தில் ஓடியாக வேண்டும் என்ற நிலை.

நடந்தது என்ன? கார்டியன்ஸ் அந்த 72-இல் 46 வென்றது; .639, மிக நல்ல ஓட்டம், ஆனால் வரலாறு காணாதது அல்ல. டைகர்ஸ் 69-இல் 28 மட்டுமே வென்றது; .406, அடிமட்ட அணியின் விகிதம். பெரிய இடைவெளிகள் மூடப்படும்போது பெரும்பாலும் இந்த இரட்டை நிகழ்வு இருக்கிறது. 2024-இல் அமெரிக்கன் லீக் மேற்கில் ஜூன் 18 அன்று மரினர்ஸ் 44–31, ஆஸ்ட்ரோஸ் 33–40. பத்து ஆட்ட இடைவெளி. ஜூலை 19 அன்று அது பூச்சியம். ஆஸ்ட்ரோஸ் 24-இல் 18 வென்றது, மரினர்ஸ் 24-இல் 16 தோற்றது. துரத்தியவர் பங்கு பாதி, தவறவிட்டவர் பங்கு பாதி. துரத்தி வந்த அணியின் வீரத்தை மட்டும் பாடுவது எனக்கு ஒப்பவில்லை. கணக்கு அப்படிச் சொல்லவில்லை.

எனவே பாதி சீசனில் ‘துரத்தும் அணி எத்தனை வெல்ல வேண்டும்?’ என்று மட்டும் கேட்காதீர்கள். முதலிடத்து அணி சரிபாதி ஆடினால் எங்கே முடியும், பத்துக்கு நான்கு வென்றால் எங்கே முடியும் என்று இரண்டு கணக்குப் போடுங்கள். முதல் கணக்கில் துரத்தும் அணிக்கு .600-க்குக் கீழே தேவைப்பட்டால் போட்டி உயிரோடு இருக்கிறது. இரண்டாம் கணக்கில்கூட .650-க்கு மேல் தேவைப்பட்டால் வைல்டு கார்டு (பிரிவை வெல்லாத அணிகளுக்கான பிளே-ஆஃப் இடம்) பக்கம் பார்வையைத் திருப்பலாம். கிளீவ்லாந்துக்கு அந்த இரண்டாம் கணக்கில் தேவைப்பட்டது .639. விளிம்பில் ஒட்டிக்கொண்டிருந்தது.

ரன் வித்தியாசம் என்ன சொல்கிறது?

எடுத்த ரன்னிலிருந்து கொடுத்த ரன்னைக் கழித்தால் ரன் வித்தியாசம். இதை வைத்து ஓர் அணி எத்தனை ஆட்டம் வென்றிருக்க வேண்டும் என்று மதிப்பிடும் சூத்திரத்தை பேஸ்பால் புள்ளிவிவர ஆய்வாளர் பில் ஜேம்ஸ் வகுத்தார். எடுத்த ரன்னின் வர்க்கத்தை, எடுத்த ரன் வர்க்கமும் கொடுத்த ரன் வர்க்கமும் சேர்ந்த தொகையால் வகுக்க வேண்டும். கிடைப்பது எதிர்பார்க்கப்படும் வெற்றி விகிதம். செங்கோண முக்கோணத் தேற்றம்போல் வர்க்கங்கள் வருவதால் இதற்குப் பிதாகரஸ் பெயர் வந்தது. வர்க்கத்துக்குப் பதில் 1.83 அடுக்கைப் பயன்படுத்தினால் இன்னும் துல்லியம்; கையால் போட 2 போதும். மனக்கணக்குக்கு இன்னொரு வழி: பத்து ரன் வித்தியாசம் ஏறக்குறைய ஒரு வெற்றிக்குச் சமம்.

2025 அமெரிக்கன் லீக் கிழக்குப் பிரிவு இதற்கு அருமையான உதாரணம். நியூயார்க் யாங்கீஸ் 849 ரன் எடுத்து 685 கொடுத்தது. டொரண்டோ ப்ளூ ஜேஸ் 798 எடுத்து 721 கொடுத்தது. சூத்திரத்தில் போட்டால் யாங்கீஸுக்கு .606, அதாவது 98 வெற்றி, ப்ளூ ஜேஸுக்கு .551, அதாவது 89. உண்மையில் இரண்டும் 94–68 என்று சமமாக முடித்தன.

இந்த ஒன்பது ஆட்ட வித்தியாசம் எங்கே போனது? ரன் வித்தியாசம் 12–1 வெற்றியில் பதினொன்று கூடுகிறது, 3–2 தோல்வியில் ஒன்று குறைகிறது. பட்டியலில் இரண்டும் ஒவ்வொரு ஆட்டம்தான். ஒரு ரன்னில் முடியும் ஆட்டங்களை அதிகம் வென்ற அணி சூத்திரத்தைத் தாண்டும், அதிகம் தோற்ற அணி கீழே விழும். ஒரு ரன் ஆட்டங்களில் அதிர்ஷ்டத்தின் பங்கு பெரிது. 2020 முதல் கூடுதல் இன்னிங்ஸ் ஒவ்வொன்றும் இரண்டாம் பேஸில் (ரன் எடுக்க வரிசையாக ஓடித் தொட வேண்டிய நான்கு இடங்களில் இரண்டாவது) ஓர் ஓட்டக்காரரோடு தொடங்குவதால் அந்தப் பங்கு இன்னும் கூடியிருக்கிறது. கடைசி இரண்டு மூன்று இன்னிங்ஸை அடைத்துக் காக்கும் வலுவான மாற்றுப் பந்துவீச்சாளர்கள் உள்ள அணி மட்டும் ஓரளவு நியாயமாகவே சூத்திரத்தை வெல்லலாம்.

பாதி சீசனில் இதைப் பயன்படுத்தும் முறை எளிது. பட்டியலில் முதலிடம், ஆனால் ரன் வித்தியாசம் பூச்சியத்தை ஒட்டி இருக்கிறது என்றால் அந்த அணி கடன் வாங்கி ஓடுகிறது என்று கொள்ளுங்கள். நான்காவது இடம், ஆனால் +50 என்றால் அந்த அணியைக் கவனியுங்கள். அங்கேயே ஓர் எச்சரிக்கையும் உண்டு. பெரிய வித்தியாசத்தில் தோற்கும்போது அணிகள் பந்துவீச்சாளர்களைச் சேமிக்க மட்டையாளர் ஒருவரையே பந்து வீச அனுப்புகின்றன. அந்த இன்னிங்ஸில் வரும் ஆறேழு ரன்கள் எந்தத் திறமையையும் அளக்கவில்லை. மே மாதத்தில் ஒரே ஆட்டத்தில் 19 ரன் எடுத்த அணியின் வித்தியாசம் ஜூலையிலும் ஊதிப்போய்த்தான் தெரியும். 60 ஆட்டத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் இந்த எண்ணை நம்பவே வேண்டாம்.

நேரடி ஆட்டங்களும் டை-பிரேக்கரும்

பிரிவுப் போட்டியின் சதையும் ரத்தமும் இதுதான் என்பேன். 2023 முதல் ஒவ்வொரு அணியும் தன் பிரிவின் மற்ற நான்கு அணிகளோடு தலா 13 ஆட்டம் ஆடுகிறது, மொத்தம் 52. அதற்கு முன் தலா 19 என்று 76 இருந்தன. குறைந்துவிட்டதால் ஒவ்வொன்றின் எடையும் ஏறியிருக்கிறது. நேரடி ஆட்டத்தில் ஒருவர் வெல்ல மற்றவர் தோற்றே ஆக வேண்டும். ஒரே இரவில் முழு ஆட்டம் நகரும். மூன்று ஆட்டத் தொடரை முழுதும் வென்றால் மூன்று நாளில் மூன்று ஆட்டம் நெருங்கலாம். வேறு வழியில் அதற்கு ஒரு மாதம் ஆகும்.

ஆகவே ஜூலையில் அட்டவணையை எடுத்து, போட்டியில் உள்ள இரு அணிகளும் இனி எத்தனை முறை சந்திக்கின்றன, எந்த ஊரில், எந்த வாரத்தில் என்று குறித்துக்கொள்ளுங்கள். 2025 ஜூலை 8 அன்று டெட்ராய்டும் கிளீவ்லாந்தும் ஏழு ஆட்டம் முடித்திருந்தன. மே மாத நான்கில் கிளீவ்லாந்து மூன்று வென்றது, ஜூலை தொடக்கத்து மூன்றையும் டெட்ராய்ட் வென்றது. மீதி ஆறும் செப்டம்பர் 16 முதல், கடைசி இரண்டு வாரத்தில் குவிந்திருந்தன. டெட்ராய்டில் மூன்றையும் கிளீவ்லாந்து வென்றது. தன் ஊரில் மூன்றில் இரண்டு வென்றது. ஆறில் ஐந்து என்றால் நிகரமாக நான்கு ஆட்டம். மொத்தம் 16.5 ஆட்டம் திரும்பியதில் நான்கு இந்த ஆறு இரவுகளில் திரும்பியது.

இன்னொரு பலனும் அதில் கிடைத்தது. 13-இல் 8–5 என்று முடித்ததால் டை-பிரேக்கர், அதாவது சமமாக முடித்தால் யார் மேலே என்று தீர்மானிக்கும் விதி, கிளீவ்லாந்து வசமானது. 2022-க்கு முன் இரு அணிகள் பிரிவில் சமமாக முடித்தால் 163-ஆவது ஆட்டம் ஒன்றை நடத்துவார்கள். 1978-இல் பாஸ்டன் ரெட் சாக்ஸைவிட ஜூலை நடுவில் 14 ஆட்டம் பின்தங்கியிருந்த யாங்கீஸ் கடைசியில் சமமாகி, அக்டோபர் 2 அன்று அப்படிப்பட்ட ஓர் ஆட்டத்தில் 5–4 என்று வென்றது. அந்த வழக்கம் இப்போது இல்லை. சமமானால் நேரடி மோதல் கணக்குதான் முதலில். அதுவும் சமம் என்றால் சொந்தப் பிரிவுக்குள் வெற்றி விகிதம். அதற்கும் பிறகு இன்னும் சில படிகள். அந்தக் கூடுதல் ஆட்டம் போனது பெரிய இழப்பு என்பதே என் எண்ணம். ஆனால் அதன் விளைவாக ஜூலை மாதத்து நேரடித் தொடருக்கு அக்டோபர் எடை வந்துவிட்டது. 2025 ஜூன் 30 முதல் ஜூலை 3 வரை டொரண்டோவில் நடந்த நான்கு ஆட்டத் தொடரில் ப்ளூ ஜேஸ் யாங்கீஸை நான்கிலும் வென்றது. சீசன் முழுதும் நேரடிக் கணக்கு 8–5. இரண்டும் 94–68 என்று முடித்தபோது அந்த நான்கு நாள்தான் பிரிவைத் தீர்மானித்தது.

ஜூலைப் பட்டியலில் ஒரு துண்டுத் தாளில் இதையும் எழுதி வையுங்கள்: நேரடிக் கணக்கில் யார் ஏழாவது வெற்றியை முதலில் எட்டுவார்? 13-இல் ஏழு என்றால் டை-பிரேக்கர் கைக்கு வந்துவிட்டது, அதாவது கண்ணுக்குத் தெரியாத ஓர் ஆட்டம் கூடுதலாக இருக்கிறது.

பிரிவை வெல்வதால் என்ன கிடைக்கும்?

2022 முதல் லீகுக்கு ஆறு அணிகள் பிளே-ஆஃபுக்குச் செல்கின்றன: மூன்று பிரிவு வெற்றியாளர்கள், மூன்று வைல்டு கார்டு அணிகள். பிரிவு வென்ற மூன்றில் சிறந்த இரண்டு முதல் சுற்றில் ஆட வேண்டியதில்லை. மூன்றாவது பிரிவு வெற்றியாளர் கடைசி வைல்டு கார்டு அணியோடும், நான்காவது அணி ஐந்தாவதோடும் மூன்று ஆட்டத் தொடர் ஆட வேண்டும். மூன்றும் உயர்ந்த இடத்து அணியின் மைதானத்தில். அதன் பிறகு ஐந்து ஆட்டத் தொடர், பிறகு இரண்டு ஏழு ஆட்டத் தொடர்கள்.

ஆகவே பிரிவுப் பட்டியலை மட்டும் தனியே பார்த்தால் போதாது. மூன்று பிரிவுத் தலைவர்களையும் பக்கத்தில் வைத்து, அதில் மூன்றாவதாக நிற்பவர் யார் என்று பாருங்கள். ஓய்வோடு அடுத்த சுற்றுக்குப் போகும் இரண்டு இடத்துக்கான ஓட்டம் தனிப் போட்டி. 2025-இல் ப்ளூ ஜேஸ் 94, மரினர்ஸ் 90, கார்டியன்ஸ் 88. அவ்வளவு பெரிய துரத்தலுக்குப் பிறகும் கிளீவ்லாந்து மூன்றாவது இடம்தான். எதிரே வந்தது ஆறாவது இடத்து டைகர்ஸ். கிளீவ்லாந்து மைதானத்திலேயே டைகர்ஸ் 2–1 என்று அந்தத் தொடரை வென்றது.

வைல்டு கார்டு பட்டியலில் ஒரு குறி புதியவர்களைக் குழப்பும். அங்கே இடைவெளி மூன்றாவது வைல்டு கார்டு இடத்திலிருந்து அளக்கப்படுகிறது. +2.5 என்றிருந்தால் அந்த எல்லைக்கோட்டுக்கு மேலே இரண்டரை ஆட்டம் என்று பொருள். கூட்டல் குறி இல்லாத 2.5 என்றால் கீழே. இங்கும் டை-பிரேக்கர் கடிக்கும். 2025-இல் ஆஸ்ட்ரோஸும் டைகர்ஸைப் போலவே 87–75. நேரடி மோதலில் பின்தங்கியதால் வீட்டுக்குப் போனது. நேஷனல் லீகில் சின்சினாட்டி ரெட்ஸும் நியூயார்க் மெட்ஸும் 83–79. ரெட்ஸ் உள்ளே, மெட்ஸ் வெளியே, அதே காரணம்.

ஜூலை கடைசிக் கெடு

ஜூலை கடைசியில், சில ஆண்டு ஆகஸ்ட் முதல் சில நாளில், வீரர் பரிமாற்றக் கெடு முடிகிறது. 2019 முதல் இதுவே கடைசிக் கெடு. ஆகஸ்டில் வேறு வழியில் வீரர்களை மாற்றிக்கொண்ட பழைய வசதி எடுக்கப்பட்டுவிட்டது. எனவே ஜூலையின் கடைசி இரண்டு வாரத்தில் ஒவ்வொரு அணியும் தன் பட்டியலை நாம் செய்வதுபோலவே படித்து, வாங்குவதா விற்பதா என்று முடிவெடுக்க வேண்டும். வாங்குபவர்கள் எதிர்கால இளம் வீரர்களைக் கொடுத்து இப்போதைக்குத் தேவையானவரை எடுப்பார்கள், விற்பவர்கள் நேர்மாறு.

2025-இல் மத்தியப் பிரிவில் மின்னசோட்டா ட்வின்ஸ் மொத்தமாக விற்றது. அதன் வீரர் கார்லோஸ் கொரெயா ஹூஸ்டனுக்குப் போனார். டைகர்ஸ் கிறிஸ் பாடக், கைல் ஃபினெகன் போன்ற பந்துவீச்சாளர்களைச் சேர்த்தது. கிளீவ்லாந்து காயத்திலிருந்து மீண்டுகொண்டிருந்த தன் நட்சத்திரப் பந்துவீச்சாளர் ஷேன் பீபரை டொரண்டோவுக்கே கொடுத்துவிட்டது. விற்றவர்கள் ஓட்டத்திலிருந்து விலகிவிட்டார்கள் என்று எழுதிவிடக் கூடாது. டைகர்ஸே 2024-இல் பந்துவீச்சாளர் ஜாக் ஃப்ளாஹர்ட்டியை லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸுக்கு விற்று, ஆகஸ்ட் 10 அன்று 55–63 என்று கிடந்து, மீதி 44-இல் 31 வென்று வைல்டு கார்டு பிடித்தது. ஆனால் ஒரு பிரிவில் கீழ் அணிகள் விற்றுவிட்டால் அவற்றோடு ஆகஸ்ட், செப்டம்பரில் அதிக ஆட்டம் வைத்திருக்கும் அணிக்கு லாபம். அட்டவணையில் அதையும் எண்ணிப் பாருங்கள்.

மேஜிக் நம்பர்

ஆகஸ்ட் கடைசியில் பத்திரிகைகள் இதை அச்சிடத் தொடங்கும். முதலிடத்து அணியின் வெற்றிகளும் இரண்டாம் அணியின் தோல்விகளும் சேர்ந்து இன்னும் எத்தனை வந்தால் பிரிவு உறுதி என்பதே அந்த எண். 163-இலிருந்து முதல் அணியின் வெற்றிகளையும் இரண்டாம் அணியின் தோல்விகளையும் கழிக்க வேண்டும். 162-உடன் ஒன்று கூட்டுவது சமநிலையைத் தாண்டுவதற்காக. டை-பிரேக்கர் ஏற்கெனவே கையில் இருந்தால் அந்த ஒன்று தேவையில்லை, 162-இலிருந்தே கழிக்கலாம்.

இந்தக் கணக்கில் வழக்கமாக நடக்கும் தவறு, இரண்டாம் அணியை மட்டும் பார்ப்பது. மூன்றாவது அணிக்குத் தோல்விகள் குறைவாக இருந்தால் மேஜிக் நம்பரை அந்த அணிக்கு எதிராகத்தான் போட வேண்டும். துரத்துபவர்களில் தோல்வி குறைந்தவர் யாரோ அவரே அளவுகோல். இன்னொரு தவறு, சிறிய எண்ணைப் பார்த்து முடிந்துவிட்டது என்று நினைப்பது. ஒரு நாளில் அது வழக்கமாக அதிகபட்சம் இரண்டு குறையும். ஒன்றுமே குறையாமலும் ஒரு வாரம் போகும்.

2025 ஆகஸ்ட் முடிவில் டைகர்ஸ் 80–58, கார்டியன்ஸ் 68–67, இடைவெளி 10.5. மேஜிக் நம்பர் 163 − 80 − 67 = 16. டெட்ராய்டுக்கு 24 ஆட்டம் மீதி, கிளீவ்லாந்துக்கு 27. இந்த 51 ஆட்டத்தில் டெட்ராய்டுக்குச் சாதகமாக 16 முடிவுகள் வந்தால் போதும். செப்டம்பரில் டைகர்ஸ் 7 வென்று 17 தோற்றது. கார்டியன்ஸ் 20 வென்று 7 தோற்றது. ஏழும் ஏழும் பதினான்கு. கடைசி ஆட்டம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை அந்த எண் 2-இல் நின்றது.